பகலில் பட்டினி கிடந்த சிவப்பு மீன்: பாளையங்கோட்டை வீட்டுத் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்த கடல்நீர் மீன்தொட்டியில் 2023 மார்ச் முதல் 2024 சித்திரை வரை சோல்ஜர் என்னும் சிவப்பு மீன் ஒன்றுக்கு நடந்தவற்றை, அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். இந்தத் தொட்டியை அமைத்தவன் நான் இல்லை. சிக்கல் முற்றிய பிறகே அழைக்கப்பட்டேன்.

வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பழகியவர், 2022 இறுதியில் கடல்நீருக்கு மாறினார். தொட்டி நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. முழுக் கொள்ளளவு 255 லிட்டர், பாறையும் மணலும் போக நீர் 200 லிட்டருக்குச் சற்று மேல் நிற்கும். கீழே அலமாரிக்குள், நீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் சம்ப் தொட்டியும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் இருந்தன. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு டாமினோ மீன், நான்கு பெப்பர்மின்ட் இறால்கள் ஆகியவை முதலில் குடியேறியவை.

பாறை விஷயத்தில் அவர் தொடக்கத்திலேயே ஒரு நல்ல முடிவை எடுத்திருந்தார். கடற்கரை ஊர்களிலிருந்து பவளக்கல் கொண்டுவந்து தருவதாகச் சிலர் சொன்னபோது மறுத்துவிட்டு, செயற்கைப் பாறையை வாங்கினார். பாறை அமைக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. கரையில் ஒதுங்கிய கல்தானே என்று எடுத்துவருவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

2023 மார்ச் இறுதியில், சென்னைக் கடை ஒன்றிலிருந்து ஏறத்தாழ நான்கு அங்குல நீளமுள்ள சோல்ஜர் மீன் ஒன்று, ஆக்சிஜன் நிரப்பிய பையில், தெர்மாகோல் பெட்டிக்குள், இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தது. உடல் முழுதும் செக்கச்சிவப்பு. தலையில் பாதி கண்தான். ஹோலோசென்ட்ரிடே குடும்பத்தில் மிரிப்ரிஸ்டிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மீன் அது. இதே குடும்பத்தில் ஸ்குரில் மீன்களும் உண்டு. கன்னத்து எலும்பின் கீழ் மூலையில் பின்னோக்கி நீண்ட முள் இருந்தால் ஸ்குரில், இல்லாவிட்டால் சோல்ஜர் என்று பொதுவாகப் பிரித்தறியலாம். முள் இருப்பவை வலையில் சிக்கிக்கொள்ளும், கையையும் கிழிக்கும் என்பதால் வாங்குமுன் இதைப் பார்ப்பது நல்லது.

இந்த மீன்கள் பகல் முழுவதும் பாறைப் பொந்துகளில் கூட்டமாக ஒதுங்கியிருந்து, இருட்டிய பின் வெளியே வந்து, நீரில் மிதந்து திரியும் நண்டுக் குஞ்சுகளையும் சிறு இறால் வகைகளையும் வேட்டையாடுபவை. சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி மேல்மட்ட நீரிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கூடத்து வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும் இந்தச் சிவப்பு, ஆழத்தில் கருமையாகி அதை மறைத்துவிடுகிறது. இவற்றில் எதுவும் விற்கும்போது சொல்லப்படவில்லை. காலையும் மாலையும் குருணைத் தீனி போடுங்கள் என்பது மட்டுமே வந்த அறிவுரை.

ஏப்ரல், மே மாதங்களில் கண்டவை

வந்த நாள் முதல் மீன் பாறைக்குப் பின்னால் ஒடுங்கியது. தீனி போடும்போது கோமாளிகளும் டாமினோவும் மேலே வந்து பறிக்க, இது ஒரு கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. ஒளிந்திருக்கும் மீனுக்கும் கிடைக்கட்டும் என்று வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு கை தீனியைப் பாறைக்குப் பின்னால் போட்டுவந்தார். அது அங்கேயே அழுகியது.

ஏப்ரலில் இறால்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறால் அவ்வப்போது சட்டை உரிக்கும், உரித்த கூடு மணலில் முழு இறால் போலவே கிடக்கும், அதைப் பார்த்துச் செத்துவிட்டதென்று முன்பு ஒருமுறை ஏமாந்திருந்தார். இம்முறை கூடும் இல்லை, காலும் இல்லை. மாத இறுதியில் ஓர் இறால்கூட மிஞ்சவில்லை. செயற்கைப் பாறைக்குள் ஏதோ நண்டு வந்து புகுந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டி, கண்ணாடிக் குவளையில் கருவாட்டுத் துண்டு வைத்துப் பொறி அமைத்தார். எதுவும் விழவில்லை.

இதற்கிடையில் வீட்டில் மூத்தவரான அம்மா, விடியற்காலையில் எழும்போது தொட்டிப் பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கிறது, மோட்டார் கெட்டுப்போகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டாரைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவைத் துடைத்துப் பூட்டியும் சத்தம் நிற்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் மீனின் வயிறு ஒட்டத் தொடங்கியது. முதுகுத்தசை இருபுறமும் சரிந்து, தலை உடலைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடையில் கேட்டபோது, வெண்புள்ளி நோயின் தொடக்கமாக இருக்கலாம், செம்பு மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுங்கள் என்றார்கள். மருந்துப் புட்டி வந்துவிட்டது. அதைத் திறக்குமுன் அவர் என்னை அழைத்தார்.

மருந்து ஊற்றுமுன் பார்த்தவை

அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் நான் முதலில் போனேன். பிற்பகல் 3 மணிக்கு நீரின் வெப்பம் 31.5 பாகை. ஒப்படர்த்தி 1.029, அதாவது லிட்டருக்கு 38 கிராம் அளவுக்கு உப்பு, இருக்கவேண்டியதோ 35 கிராமை ஒட்டி. வெயிலில் ஆவியாகும் நீருக்கு ஈடாக அவர் உப்புக் கரைத்த நீரையே ஊற்றிவந்திருந்தார். ஆவியாவது நீர் மட்டுமே என்பதால் உப்பு ஏறிக்கொண்டே போயிருந்தது. அம்மோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், நைட்ரேட் 50. கார அமில அளவு (pH) மாலையில் 8.2 இருந்தது, மறுநாள் விடியலில் அவரை அளக்கச் சொன்னபோது 7.8.

நீர் மோசம்தான். ஆனால் நீர் மோசமாக இருப்பதால் மட்டும் ஒரு மீன் மெலிவதானால், கோமாளிகளும் ஏதோ ஒரு விதத்தில் வாடியிருக்க வேண்டும், அவை கொழுத்திருந்தன. வெண்புள்ளி நோயில் ரவை தூவியது போன்ற புள்ளிகள் துடுப்பில் முதலில் தெரியும், மீன் பாறையில் உடலைத் தேய்க்கும், செவுள் வேகமாக அடிக்கும். இங்கே தோல் சுத்தம், துடுப்பு விரிந்திருந்தது, மூச்சு நிதானமாக இருந்தது. கண்ணில் மங்கல் இல்லை. நோயாளி மீனின் சாயல் எதிலும் இல்லை, வயிற்றைத் தவிர.

காணாமல் போன இறால்களை அப்போதுதான் இந்த மீனோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. வந்து ஐந்து வாரமாக ஒன்றும் சாப்பிடாத நான்கு அங்குல மீன் ஏப்ரல் முழுவதும் உடல் குறையாமல் இருந்திருக்க முடியாது. இறால் தீர்ந்த பிறகே வயிறு ஒட்டியது என்பதை வீட்டுக்காரரின் கைப்பேசிப் படங்களின் தேதிகளை வரிசைப்படுத்தியபோது பார்த்தோம். மீன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில், யாரும் போடாத தீனியை.

மின்தடை இரவு

அதே வாரத்தில் ஓர் இரவு தெருவுக்கே மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டரில் தொட்டி மோட்டார் மட்டும் ஓடியது. வீட்டுக்காரர் பூஜை அலமாரியில் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பைக் கழற்றி, இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டித் தொட்டியருகே பிடித்துப் பார்த்தார். மீன் நடுத்தொட்டியில், நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து, முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை தொலைபேசியில், "அண்ணாச்சி, நம்ம மீனா இதுன்னு இருக்கு, தொட்டி பூரா அதோட ராஜ்ஜியம்" என்றார்.

வழக்கமான இரவுகளில் இது நடக்காததற்குக் காரணம் அவர் வீட்டு சன்னல்தான். தெருக்கம்பத்து எல்.இ.டி. விளக்கு சன்னல் வழியே நேராகத் தொட்டியின் இடப்பக்கத்தில் விழுந்தது. போதாக்குறைக்குத் தொட்டியின் நீல விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் அதை நிலவொளி என்று சொல்லி விற்கிறார்கள். மங்கிய ஒளிக்கென்றே அமைந்த விழித்திரை கொண்ட மீனுக்கு, அதிலும் நீல, பச்சை ஒளியை நன்றாக உணரும் கண்ணுக்கு, அந்த விளக்கு எரியும்வரை இருட்டு என்பதே இல்லை. சிவப்பு ஒளி அதன் கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும் என்பதால்தான் பூஜை பல்பை அது பொருட்படுத்தவில்லை.

'டொக் டொக்' சத்தத்தின் புதிரும் அன்றே தீர்ந்தது. மோட்டாரைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னேன். மோட்டார் நின்றும் சத்தம் வந்தது. இந்தக் குடும்பத்து மீன்கள் காற்றுப்பையோடு இணைந்த தசைகளை அதிரவைத்து ஒலி எழுப்பக்கூடியவை. மிரிப்ரிஸ்டிஸ் இனங்களில் காற்றுப்பையின் முன்முனை காதுப்பகுதி வரை நீண்டிருப்பதால் கேட்கும் திறனும் அதிகம். டாமினோ அதன் பொந்தருகே வரும்போதெல்லாம் சத்தம் வந்தது. அம்மாவுக்கு இதை விளக்கிய பிறகும் மோட்டார் மீதான சந்தேகம் முழுதாகப் போனதாகத் தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு செம்பு மருந்தைத் திறக்காமல் திருப்பி அனுப்புவது. நோய்க்குறி இல்லாத மீனுக்கு மருந்து தேவையில்லை என்பது ஒருபுறம். தொட்டியிலேயே ஊற்றினால் செம்பைப் பாறையும் மணலும் பிடித்துவைத்துக்கொண்டு பின்னால் சிறிது சிறிதாக விடும். அதன்பின் அந்தத் தொட்டியில் இறால், பவளம் எதையும் நம்பி விட முடியாது. மருந்து தேவைப்பட்டிருந்தாலும் தனித்தொட்டியில்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இருட்டு. நீல விளக்கு இரவில் அணைக்கப்பட்டது. சன்னலுக்குக் கனத்த திரை போட்டு, தொட்டியின் இடப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கருப்புத் தாள் ஒட்டினோம். விளக்கு நேரத்தைக் காலை 9 முதல் மாலை 6 வரை என்று வைத்து, கடைசி ஒரு மணி நேரம் படிப்படியாக மங்கும்படி டைமரை அமைத்தோம். கூடத்தில் தொலைக்காட்சி 10 மணிவரை ஓடும் வீடு அது. அதை மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால், மீனுக்கு ஒதுங்க நல்ல இடம் கொடுப்பதே வழி என்று தோன்றியது.

அந்த இடத்துக்குக் காருகுறிச்சி மண்பானை ஒன்றைத் தேர்ந்தோம். வண்ணமோ செங்காவிப் பூச்சோ இல்லாத, சுட்ட பானை. பக்கவாட்டில் ஒரு கை நுழையும் அளவுக்குத் தட்டி எடுத்து, விளிம்பை அரம் போட்டு மழுங்கடித்து, ஆர்.ஓ. நீரில் இரண்டு வாரம் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே வந்தோம். பின் அதைக் கவிழ்த்து வைத்துப் பாறையை மேலே அடுக்கினோம். பானையின் வாய்ப்பக்கம் ஓரிடத்தில் மணலிலிருந்து தூக்கி நின்றது. அது இரண்டாவது வழி. ஒரே வாசல் உள்ள பொந்தில் டாமினோ வாசலை மறித்தால் மீன் சிக்கிக்கொள்ளும். உள்ளே நீர் தேங்காமல் ஓடவும் இரண்டு வழி வேண்டும்.

மூன்றாவது உணவு, அதிக நேரம் எடுத்தது இதுதான். குருணையை இந்த மீன் உணவாகவே கருதவில்லை. அதன் இயல்பான இரையை ஒத்ததாக எது எளிதில் கிடைக்கும் என்று பார்த்தபோது, கடற்கரைப் பக்கமிருந்து சந்தைக்கு வரும் பச்சைக் கூனி இறால் பொருத்தமாக இருந்தது. காய்ந்த கூனி உப்பேறியது, அது கூடாது. பச்சைக் கூனியை நல்ல நீரில் அலசி, ஒரு வேளைக்கான அளவாகப் பொட்டலம் கட்டி உறையவைத்து, போடுமுன் உருகிய நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் எடுக்கச் சொன்னேன். அந்த நீர் தொட்டிக்குள் போனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். கூனியோடு மட்டிச் சதையும் வாரம் இருமுறை. தொடர்ந்து ஒரே இரையைக் கொடுத்தால் சத்துக்குறை வரும் என்பதால் மீன்களுக்கான வைட்டமின் சொட்டு இடையிடையே.

முறை இப்படி இருந்தது. விளக்கு மங்கத் தொடங்கும்போது தொட்டியின் வலக்கோடியில் குருணையைப் போட்டுக் கோமாளிகளையும் டாமினோவையும் அங்கே இழுத்துவிட வேண்டும். விளக்கு அணைந்து கால் மணி கழிந்ததும், ஊசியில்லாத சிரிஞ்சில் காற்றுக்குழாயைச் செருகி, பானை வாசலுக்கு ஒரு சாண் தள்ளி நீரோட்டத்தில் கூனியை ஒவ்வொன்றாக விட வேண்டும். மணலில் விழுந்த இரையை இந்த மீன் தொடாது. மிதந்து வருவதையே பாய்ந்து பிடிக்கும்.

நீரின் குறைகளும் சேர்த்தே திருத்தப்பட்டன. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றி, ஒப்படர்த்தியை ஒரு வாரத்தில் மெல்ல 1.025-க்குக் கொண்டுவந்தோம். வெப்பத்துக்குக் குளிர்விப்பான் வாங்கும் செலவைத் தவிர்த்து, நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சிறு விசிறிகள் வைத்தோம். நெல்லை வெயிலின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும், இங்கும் இரண்டரைப் பாகை வரை குறைந்தது. நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர் நீர் ஆவியாகும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐப்பசி ஈரக்காற்றில் விசிறி அவ்வளவு குளிர்விக்காது, அப்போது அவ்வளவு தேவையும் இராது.

இவற்றுக்கிடையே பக்கத்து வீட்டுக்காரர், தூத்துக்குடி உப்பளம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது பாக்கெட் கடலுப்புக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன. உப்பு வாரிய பின் மிஞ்சும் கசப்புநீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. கையில் கிடைப்பது ஏறத்தாழ முழுதும் சோடியம் குளோரைடு. அதைக் கரைத்தால் ஒப்படர்த்தி சரியாகக் காட்டும், கடல்நீர் ஆகாது.

விடியலில் கார அமில அளவு 7.8-க்கு இறங்கியதைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. இருட்டில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யாமல் மூச்சு மட்டும் விடுவதால் கரியமில வாயு கூடி, ஆக்சிஜன் குறைகிறது. பகல் மீன்கள் அந்நேரம் தூங்குகின்றன. இந்த மீனோ அப்போதுதான் ஓடியாடுகிறது. எனவே சம்ப்பில் கீட்டோ என்னும் நூல் போன்ற பச்சைப் பாசியை வைத்து, அதன் விளக்கை இரவில் எரியும்படி, மேல்தொட்டியோடு நேரம் மாற்றி அமைத்தோம். அலமாரிக் கதவிடுக்கில் ஒளி கசியாமல் ரப்பர் பட்டை ஒட்டவேண்டியிருந்தது. நீர்ப்பரப்பை மோட்டார் இரவிலும் நன்றாகக் கலக்கும்படி திருப்பிவைத்தோம். சில வாரத்தில் விடியல் அளவு 8.0-ஐ ஒட்டி நின்றது.

துணைக்கு இன்னொரு சோல்ஜர் வாங்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கூட்டமாக வாழும் மீன் என்பதால் கேள்வி நியாயமானது. ஆயினும் வளர்ந்தால் ஏறத்தாழ ஓரடியை எட்டக்கூடிய மீனுக்கு ஒன்றரை அடி அகலத் தொட்டி ஒன்றுக்கே பற்றாது என்பதால் வேண்டாம் என்றேன்.

பின் நடந்தவை

பானை வைத்த மூன்றாம் இரவு மீன் அதற்குள் குடியேறியது. கூனியை முதல் வாரத்தில் இரண்டு மூன்று என்ற அளவில் பிடித்தது. ஜூன் நடுவில் வயிறு நிரம்பும் அளவுக்கு. அதன்பின் தீனி நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுத்தோம். ஆடி பிறந்து குற்றாலச் சாரல் காற்று நெல்லை வரை எட்டும் நாட்களில், விளக்கு அணையாமல் மங்கிய நிலையிலேயே வாசலுக்கு வந்து இரை வாங்கியது. முழு வெளிச்சத்தில் வெளியே வர அதைப் பழக்க முயலவில்லை. அது முடியும் என்று சிலர் சொல்வார்கள், தேவை என்ன என்பது என் எண்ணம்.

பாறைக்குப் பின்னால் போட்ட தீனி நின்றதாலும் பாசி வளர்ந்ததாலும் நைட்ரேட் 50-லிருந்து ஆவணியில் 15-க்கு வந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் அந்தத் தெருவில் மின்சாரம் நின்றது. வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் இன்வெர்ட்டர் முதல் இரவோடு தீர்ந்தது. மின்கலக் காற்றுப்பம்பு ஒன்றை முன்பே வாங்கிவைத்திருந்தார்கள். அதை ஓடவிட்டு, தீனியை முழுதும் நிறுத்தி, வீட்டார் முறைவைத்துக் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். நீர் 26 பாகைக்குக் குளிர்ந்திருந்தது துணை செய்தது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். மேகமூட்டத்தில் கூடம் நாள் முழுதும் இருண்டு கிடந்ததால் சோல்ஜர் மீன் பகலிலேயே வெளியே சுற்றியது. மின்சாரம் திரும்புமுன் டாமினோ இறந்தது. மற்றவை பிழைத்தன.

2024 சித்திரையில் மீன் ஆறு அங்குலத்தை நெருங்கியது. பானைக்குள் திரும்ப இடம் போதாமல் வால் வெளியே தெரிந்தது. ஒரு காப்பாற்றப்பட்ட மீனைக் கைவிடுவதில் குடும்பத்துக்கு மனமில்லை என்றாலும், தூத்துக்குடியில் ஆறடித் தொட்டியில் இதே இனம் இரண்டை வைத்திருந்த ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. கடலில் விடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. எங்கே பிடிபட்டதென்று தெரியாத, தொட்டி நோய்க்கிருமிகளைச் சுமந்திருக்கக்கூடிய மீனை மன்னார் வளைகுடாவில் விடுவது சரியல்ல.

இப்போது மாற்றியிருப்பவை

அதே தொட்டியில் இப்போது பைஜாமா கார்டினல் மீன்கள் மூன்று இருக்கின்றன. இவையும் மங்கிய ஒளியில் இரை தேடுபவை, பெரிய கண் கொண்டவை. மூன்று அங்குல அளவோடு நின்றுவிடும், கூட்டமாக அமைதியாக மிதக்கும். இரவுமீன் வேண்டும், நான்கடித் தொட்டிதான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்கக்கூடிய தேர்வு இதுதான். விளக்கு நேரம், திரை, கருப்புத் தாள், இரவுப் பாசி விளக்கு எல்லாம் அப்படியே தொடர்கின்றன. இறால் இனி இல்லை. இருந்தாலும் கார்டினல் வாய்க்குள் போகாத அளவில்தான்.

மீன் வாங்குமுன் இரவில் ஒருமுறை கடைத் தொட்டியைப் பார்க்கவோ, விளக்கணைத்துச் சிவப்பு ஒளியில் எடுத்த காணொளியைக் கேட்கவோ வேண்டும் என்று வீட்டுக்காரர் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடுவதைக் கண்ணால் காணாமல் பணம் கொடுப்பதில்லை. தினசரி தீனிக் குறிப்பேடு ஒன்றும் எழுதுகிறார். கார்டினல் ஆண் மீன், பெண் இட்ட முட்டைகளை வாயில் அடக்கிக் காக்கும் நாட்களில் இரை எடுக்காது. ஆகவே 'சாப்பிடவில்லை' என்று குறிக்கும் நாளில், அந்த மீனின் தாடைக்கடியில் உப்பியிருந்ததா, எத்தனை மணிக்குப் பார்த்தது, விளக்கு எரிந்ததா அணைந்ததா என்பவற்றையும் அதே வரியில் எழுதிவிடுகிறார்.